அம்மாவுக்கான உடற்பயிற்சித் திட்டம்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 72 வயதான என் தாயார் நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கிறார். ஆனாலும் நாற்காலியிலிருந்து எழும்போது இரு கைகளையும் ஊன்றித்தான் எழுகிறார் என்பதைக் கவனித்தபோது, நடை மட்டும் போதாது என்பது புரிந்தது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்துடன், தசை வலுப்பயிற்சி இரண்டு நாளும் சமநிலைப் பயிற்சி மூன்று நாளுமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. முதலாவது நடையிலேயே தேறிவிடுகிறது. மற்ற இரண்டில்தான் தடுமாறுகிறேன்.

பத்து முறை உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் வலிக்கிறது என்கிறார் (வலியா, சலிப்பா என்பது வேறு கேள்வி). இருக்கையின் உயரத்தைக் கூட்டித் தொடங்கலாமா? மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும்போது, பிடியை எப்போது தளர்த்தலாம்? மருத்துவர் பயிற்சிக்கு அனுமதி அளித்துவிட்டார். இயன்முறை மருத்துவர்களும் அனுபவம் உள்ளவர்களும் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.