போனில் சேமித்த வீடியோ: ஒன்றில் சத்தம் இல்லை, ஒன்றில் தெளிவு இல்லை. சரியான வழி எது?

ஊசிநூல் கேட்டது:

வணக்கம். தையல் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். சாதா மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிவிடுவேன். துணி ஓரத்தை நூலால் பின்னித் தைக்கும் ஓவர்லாக் மெஷினை இப்போதுதான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பட்டறை இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில். படி இறங்கியதுமே சிக்னல் போய்விடும். மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வீடியோவை ஓட்டிப் பார்க்க வேண்டும், அதனால் போனிலேயே சேமித்து வைக்கப் பார்க்கிறேன்.

யூடியூப் முகவரியை ஒட்டினால் இறக்கித் தரும் தளம் ஒன்றில் முயன்றேன். 360பி (படத் தெளிவின் அளவு, எண் கூடினால் தெளிவு கூடும்) இறங்கியது. நூலை வளையமாக்கும் கொக்கியான லூப்பர் ஆடுவது தெரிகிறது, ஆனால் அதன் முனை ஊசியை எங்கே தாண்டுகிறது என்பது தெரியவில்லை. எனக்கு வேண்டியதே அந்த இடம்தான்! 1080பி என்று போட்டிருந்ததை இறக்கினேன். படம் பளிச்சென்று இருக்கிறது, சத்தம் மட்டும் வரவில்லை. வேறொரு தளத்தில் எடுத்ததில் சத்தமும் வந்தது, ஆனால் என் பழைய போனில் விக்கி விக்கி ஓடுகிறது, போனும் சுடுகிறது. போதாக்குறைக்கு, அன்றிலிருந்து “உங்கள் போனில் வைரஸ்” என்று அறிவிப்பாக வந்து குவிகிறது.

பணம் கட்டி யூடியூப் ஆப்பிலேயே டவுன்லோடு செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்கிறார்கள். அப்படிச் சேமித்தது கேலரியில் வருமா? மெதுவாக ஓட்டலாமா? குறிப்பிட்ட ஐந்து விநாடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்ட முடியுமா? யாருக்கும் அனுப்பப் போவதில்லை, எனக்கு மட்டும்தான்.

வைகறை எழுதியது:

எதற்கு இவ்வளவு சுற்று? போனில் ஸ்கிரீன் ரெக்கார்டு இருக்கிறதே அண்ணா, வீட்டில் வைஃபையில் ஓடவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்தது.

பழைய_எடிட்டர் எழுதியது:

வைகறை சொன்ன வழி இரண்டு நிமிட வீடியோவுக்குச் சரி. ஒரு மணி நேர வீடியோ என்றால் ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் வரும் செய்தி அறிவிப்பெல்லாம் படத்தில் பதிவாகிவிடும். ஏற்கனவே சுருக்கிய படத்தைத் திரையிலிருந்து எடுத்து மறுபடி சுருக்குவதால் நுணுக்கம் இன்னும் போகும். லூப்பர் முனை பார்க்க வேண்டியவருக்கு அது உதவாது. கட்டணத் தளங்களின் படம் என்றால் பெரும்பாலும் வெறும் கறுப்புத் திரைதான் பதிவாகும், நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டின் வேலை அது.

ஊசிநூல் அண்ணா, முதலில் அந்த அறிவிப்பை முடித்துவிடுங்கள். அநேகமாக அது வைரஸ் இல்லை. அந்தத் தளம் “அனுமதி” என்று ஒரு பெட்டி காட்டியிருக்கும், கை பட்டிருக்கும். குரோமில் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போனால் அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக இருக்கும். பெயர் தெரியாதவற்றை எல்லாம் தடுத்துவிடுங்கள். டவுன்லோடு ஃபோல்டரையும் ஒரு முறை பாருங்கள். ஏபிகே என்று முடியும் கோப்பு (ஆப்பை நிறுவும் கோப்பு) தானாக வந்து உட்கார்ந்திருந்தால் திறக்காமல் அழியுங்கள். நிறுவியிருந்தால் அந்த ஆப்பையும் நீக்குங்கள். இந்த மாதிரித் தளங்களில் பச்சையாக, பெரிதாக இருக்கும் “டவுன்லோடு” பொத்தான் பெரும்பாலும் விளம்பரம்தான். உண்மையானது கீழே சின்ன எழுத்தில் கிடக்கும்.

சத்தம் ஏன் வரவில்லை? யூடியூப் படத்தையும் ஒலியையும் தனித்தனி ஓடைகளாக அனுப்புகிறது. நெட் வேகம் கூடக் குறைய, படத்தின் தரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஒலி பாட்டுக்கு ஓடும் என்பதற்காக அந்த ஏற்பாடு. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது ஆப்பின் வேலை. படமும் ஒலியும் சேர்ந்தே இருக்கும் பழைய வகைக் கோப்பு 360பி-யில் கிடைக்கும், உங்களுக்கு முதலில் வந்தது அதுதான். 1080பி-யில் அந்தத் தளம் பட ஓடையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டது. கோப்பு கெட்டுப்போகவில்லை, ஒலி இன்னொரு கோப்பில் இருக்கிறது. நல்ல கருவி இரண்டையும் இறக்கி, எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை வைத்து ஒட்டிக் கொடுக்கும். ஒட்டுவதில் தரம் குறையாது, மறுபடி சுருக்குவதில்லை என்பதால்.

மூன்றாவது வீடியோ விக்கியதற்குக் காரணம் வேறு. ஒரே வீடியோவை யூடியூப் எச்.264, விபி9, ஏவி1 என்று பல கோடெக்குகளில், அதாவது படத்தைச் சுருக்கும் முறைகளில், வைத்திருக்கும். எச்.264 வந்தது 2003-இல், அதைப் பிரிக்கும் சிப் ஏறக்குறைய எல்லா போனிலும் உண்டு. ஏவி1 வந்தது 2018-இல். அதே தரத்துக்குக் கோப்பு சின்னதாக இருக்கும், ஆனால் பழைய போனில் அதற்கான சிப் கிடையாது. மொத்த வேலையும் பிராசஸர் தலையில் விழும், சுடும், பேட்டரி கரையும். இறக்கும்போது எம்பி4, எச்.264 என்று பார்த்து எடுங்கள். சில கருவிகளில் ஏவிசி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். யூடியூபில் எச்.264 பொதுவாக 1080பி வரைக்கும்தான். அதற்கு மேல் உங்களுக்குத் தேவையும் இல்லை.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்கு மனக்கணக்கு ஒன்று சொல்கிறேன். விநாடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. 4 மெகாபிட் என்றால் 1.8 ஜிபி. மனிதர் அசையாமல் பேசிக்கொண்டிருக்கும் வீடியோவை 480பி-யில் வையுங்கள், போதும். லூப்பர் சரிபார்ப்பதை மட்டும் 1080பி-யில் வையுங்கள். எல்லாவற்றையும் உச்சத் தரத்தில் இறக்கிவிட்டு “ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது” என்று வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இனி ஆப் டவுன்லோடு. கட்டணச் சந்தாவில் இறக்கியது கேலரியில் வராது. ஆப்புக்குள் பூட்டிய வடிவில் இருக்கும். நூலகப் புத்தகம் மாதிரி, கையில் இருந்தாலும் நம்முடையது இல்லை. ஏறக்குறைய மாதம் ஒரு முறையாவது ஆப் நெட்டைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஓடாது. வீடியோவைப் போட்டவர் நீக்கிவிட்டால், அடுத்த முறை நெட்டில் இணையும்போது உங்கள் போனிலிருந்தும் போய்விடும். மெதுவாக ஓட்டலாம், கால் வேகம் வரை குறையும். மெமரி கார்டிலும் சேமிக்கலாம். ஆனால் ஐந்து விநாடியை மட்டும் சுற்றவிடும் வசதி அதில் இல்லை.

கையில் கோப்பாகவே வேண்டும் என்றால், கணினியில் ஒய்டி-டிஎல்பி என்ற இறக்கும் கருவி. போனில் அதையே உள்ளே வைத்திருக்கும் சீல் என்ற ஆப் இருக்கிறது, நியூபைப்பும் இருக்கிறது. இவை பிளே ஸ்டோரில் கிடைக்காது, எஃப்-டிராய்டு என்ற ஆப் கடையில் கிடைக்கும். எல்லாம் திறந்த மூல மென்பொருள், விளம்பரம் கிடையாது. யூடியூப் உள்ளே ஏதாவது மாற்றினால் ஒரு நாள் வேலை செய்யாமல் நிற்கும். அப்டேட் வந்ததும் சரியாகிவிடும், அதற்குள் பதறிப்போய் வேறு தளம் தேட வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தானே கொடுத்திருக்கும் வசதி அல்லாமல் வேறு வழியில் இறக்கக் கூடாது என்பது யூடியூபின் விதிமுறை. “எனக்கு மட்டும்தான்” என்பது அந்த விதியில் விலக்கு இல்லை. சட்டம் தனிப்பட்ட பயன்பாட்டை எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். கருவியே சட்டவிரோதமா என்ற சண்டையும் நடந்திருக்கிறது. ஒய்டி-டிஎல்பியின் மூத்த வடிவமான யூடியூப்-டிஎல்லை 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுத்து, மென்பொருள் நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து நீக்க வைத்தது. நவம்பரில் கிட்ஹப் திரும்ப ஏற்றிவிட்டது. கருவி தப்பித்தது, அதனால் எதை வேண்டுமானாலும் இறக்கலாம் என்று ஆகிவிடாது.

கைவிளக்கு எழுதியது:

நான் வீடியோ போடுகிற ஆள். கடிகாரம் பழுது பார்க்கும் வீடியோக்கள், பெரிய சேனல் இல்லை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஒருவர் என் வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். கோபம் வருவது அதை வெட்டி, என் பெயரை மறைத்து, வேறு சேனலில் ஏற்றுகிறவர்கள் மேல். சந்தா கட்டியவர்கள் ஆப்பில் இறக்கிப் பார்த்தால் அந்தப் பார்வை நேரமும் எங்கள் கணக்கில் சேரும், அதிலிருந்து ஒரு பங்கு வரும். வெளியே கோப்பாக எடுத்தால் எதுவும் வராது. அதற்காக உங்களைத் திட்டப் போவதில்லை, தெரிந்துகொண்டு செய்யுங்கள் என்கிறேன்.

யாருக்கும் தோன்றாத வழி ஒன்று உண்டு, போட்டவரிடமே கேட்பது! சேனலின் அறிமுகப் பகுதியில் பெரும்பாலும் மின்னஞ்சல் இருக்கும். “பட்டறையில் சிக்னல் இல்லை, இந்த வீடியோவின் இந்தப் பகுதி வேண்டும்” என்று இரண்டு வரி எழுதுங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவர்களுக்குக் கோப்பையே அனுப்பியிருக்கிறேன். அதுவும் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பு, யூடியூபில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், என் சொந்த வீடியோவை யூடியூப் ஸ்டூடியோவில் (வீடியோ போடுகிறவர்களுக்கான பக்கம்) இறக்கினாலே 720பி-க்கு மேல் கிடைக்காது. நான் ஏற்றியதே எனக்குத் திரும்ப வேண்டுமென்றால் கூகுள் டேக்அவுட் என்ற, நம் தரவை மொத்தமாகத் திரும்பத் தரும் சேவைக்குப் போக வேண்டும்.

தேடும்போது வடிகட்டியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று இருப்பதையும் தொட்டுப் பாருங்கள். ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி பயன்படுத்தவே அனுமதி கொடுத்த வீடியோக்கள் அவை. விமியோ என்ற வீடியோ தளத்தில் போட்டவர் அனுமதித்திருந்தால் டவுன்லோடு பொத்தானே இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய தொழிற்பயிற்சிப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, பெரும்பாலானவற்றை நேரே இறக்கலாம். மெஷின் வேலைக்கு அந்தக் காலத்துப் படங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு திருகாகக் காட்டுவார்கள்.

மின்மினி_5 எழுதியது:

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் சஃபாரியிலேயே டவுன்லோடு உண்டு. இறங்கியது கேலரிக்குப் போகாது, ஃபைல்ஸ் ஆப்பில் இருக்கும். வெப்எம் என்ற வகை வீடியோ கோப்பை ஃபோட்டோஸ் ஏற்காது, அதற்கு விஎல்சி என்ற பிளேயர் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். விஎல்சியில் வைஃபை வழிப் பகிர்வு இருக்கிறது. அதை இயக்கினால் ஒரு முகவரி காட்டும், கணினி பிரவுசரில் அதைத் திறந்து கோப்பை இழுத்துப் போட்டால் போனுக்கு வந்துவிடும். கேபிள் வேண்டாம்.

ஊசிநூல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அறிவிப்புத் தொல்லை நின்றுவிட்டது. பட்டியலில் கேள்விப்படாத பெயராக ஒன்று இருந்தது, தடுத்துவிட்டேன்.

கைவிளக்கு சொன்னபடி அந்தச் சேனல்காரருக்கு எழுதினேன். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு எங்கும் ஏற்றாதீர்கள் என்று பதில் போட்டு, டிரைவ் இணைப்பும் கொடுத்துவிட்டார். அருமையான படம். கீழ் லூப்பரின் முனை, ஊசி மேலே ஏறத் தொடங்கியதும் அதன் பின்பக்கப் பள்ளத்தை ஒட்டிப் போவது நூல் இழையோடு தெரிகிறது. விஎல்சியில் கால் வேகம் வைத்துப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். விஎல்சியில் அந்த இடத்தை மட்டும் சுற்றவிடுவது எங்கே இருக்கிறது? இன்னொன்று, அவர் ஓவர்லாக் மெஷினை முழுதாகப் பிரித்து மாட்டும் நீளமான வீடியோவும் கொடுத்தார், 6 ஜிபி. போனில் இறங்குகிறது, 32 ஜிபி மெமரி கார்டுக்கு மாற்றினால் மட்டும் பிழை காட்டுகிறது. கார்டில் இடம் நிறைய இருக்கிறது.

பழைய_எடிட்டர் எழுதியது:

விஎல்சியில் வீடியோ ஓடும்போது மூன்று புள்ளி மெனுவைத் தொடுங்கள், ஏ-பி ரிப்பீட் என்று இருக்கும். தொடங்கும் இடத்தில் ஒரு தொடல், முடியும் இடத்தில் ஒரு தொடல், நிறுத்தும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். கால் வேகமும் கூடவே நிற்கும்.

கார்டில் இடம் இருந்தும் ஏறாததற்குக் காரணம் அது ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும் முறை. 32 ஜிபி வரையிலான கார்டுகள் எஃப்ஏடி32 முறையில் வரும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்டக் கூடாது, கார்டு காலியாக இருந்தாலும் இதே கதைதான். 64 ஜிபி முதல் எக்ஸ்ஃபேட் என்ற முறை, அதில் இந்தத் தடை இல்லை. உங்கள் கார்டைக் கணினியில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்து பார்க்கலாம், ஆனால் சில பழைய போன்கள் அதைப் படிக்காது. அதைவிட, சேனல்காரரின் வீடியோவை இரண்டாக வெட்டிக்கொள்வது சுலபம். கணினியில் லாஸ்லெஸ்கட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, மறுபடி சுருக்காமல் வெட்டும், சில விநாடியில் முடிந்துவிடும். பிரிப்பது ஒரு கோப்பு, மாட்டுவது ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டால் தேடவும் வசதி.

ஃபார்மேட்தான் செய்வேன் என்றால் கார்டில் இருப்பதை முதலில் வேறு இடத்துக்கு நகல் எடுத்துவிடுங்கள் அண்ணா, எல்லாம் அழிந்துவிடும்.