பழைய ஜீப்: பினியன் ஆயில் சீல் மாற்றியும் கசிவு

கேள்வி: பழைய 4 வீல் டிரைவ் ஜீப். பின் ஆக்ஸிலில் புது பினியன் சீல் (டிரைவ் ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடத்தில் ஆயில் வெளியே வராம தடுக்கும் வளையம்) போட்டும் ஒழுகுது. எதைப் பார்க்கணும் அண்ணா?

பதில் 1: முதலில் ஆக்ஸில் பிரீதரைப் பாருங்க, அதாவது உள்ளே இருக்கும் காத்து வெளியேறும் சின்ன வழி. வேளச்சேரி மழைத்தண்ணியில் ஓடின வண்டின்னா சேறு அடைச்சிருக்கும். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியா ஆயிலைத் தள்ளும். அடுத்து யோக்கில் (டிரைவ் ஷாஃப்ட்டை பினியனோடு இணைக்கும் பாகம்) சீலின் லிப், அதாவது உள் ரப்பர் விளிம்பு, உரசும் இடத்தை நகத்தால் தடவுங்க. பள்ளம் தட்டினால் ரிப்பேர் ஸ்லீவ் (பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறை) ஏத்தணும், இல்லை யோக்கையே மாத்தணும். எமரி பேப்பர் தேய்ச்சு சமாளிக்கவே கூடாது.

பதில் 2: சீல் போடும்போது அதில் சின்ன ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கணும். லிப்பில் கிரீஸ் தடவுங்க. காய்ஞ்சு ஓடினா கருகிடும். ஓரத்தில் சுத்தியல் வேண்டாம், சீல் விட்டத்துக்குப் பொருந்தும் பைப் வெச்சு நேரா இறக்குங்க.

பதில் 3: யோக்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பேரிங் தேய்மானம். எந்த சீலும் நிக்காது.