ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த படகுகள்: சங்கம் எதிலிருந்து தொடங்கலாம்? (2021, கொரோனா காலத்து உரையாடல்)

துறைக்காவலன்:
எங்கள் மண்டலத் துடுப்புப் படகுச் சங்கத்தில் ஆறு கிளப்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய கொட்டகைகளைத் திறக்க அனுமதி வந்துவிட்டது. ஆனால் இப்போதைக்கு ஒற்றையர் படகுகள் மட்டும்தான். எய்ட், ஃபோர் (எட்டுப் பேர், நாலு பேர் ஓட்டும் படகுகள்) எல்லாம் ரேக்கிலேயே கிடக்கும். ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் எய்ட்டில் ஒரே துடுப்பைப் பிடித்துப் பழகியவர்கள். இறக்குவதற்கு முன் படகில் எதைப் பார்ப்பது? வீடுகளுக்கு இரவல் கொடுத்த எர்க் மெஷின்கள் (தரையில் உட்கார்ந்து துடுப்புப் பயிற்சி செய்யும் இயந்திரங்கள்) திரும்பி வருகின்றன, அவற்றை என்ன செய்வது? ரெகாட்டாவை (படகுப் போட்டியை) வேறு வடிவில் நடத்த முடியுமா?

ரிக்கர் ஸ்பானர்:
முதலில் இரு முனைகளிலும் உள்ள காற்றறை மூடிகள். பூட்டி வைக்கும்போது அவை திறந்திருப்பதுதான் சரி. உள்ளே ஈரம் அடையாது, வெப்பத்தில் காற்று விரிந்து படகின் இணைப்பைப் பிளக்காது. இறக்கும்போது மூட மறந்தால் தண்ணீர் உள்ளே போய் முனை அமிழ்ந்துவிடும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மூடியும் பயனில்லை. நகத்தால் கீறிப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது குதிகால் கயிறு. படகில் பொருத்திய ஷூவின் குதிகால் அதிகம் மேலே எழக் கூடாது. படகு கவிழ்ந்தால் கால் உருவிக்கொண்டு வருவது இந்தக் கயிற்றால்தான். இழுத்துப் பாருங்கள், முடிச்சு நழுவினால் அன்றைக்கு அந்தப் படகு இறங்க வேண்டாம். படகின் மூக்கிலுள்ள 4 செ.மீ. ரப்பர் பந்தும் ஆடக் கூடாது.

ரிக்கர் (துடுப்பைத் தாங்கும் பக்கச் சட்டம்) போல்ட் விஷயத்தில் அவசரம் ஆகாது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டி நிற்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இறுகியிருக்கும். பலம் போட்டால் மரை போய்விடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, அதற்கப்புறம் தளர்த்தும் பக்கம். 10, 13 எம்எம் ஸ்பானர் பெரும்பாலும் போதும்.

கிருமி நீக்கத்துக்கு ப்ளீச் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். துடுப்புக் கைப்பிடிக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

முக்குளிப்பான்:
எய்ட் ஓட்டியவரை நேராக ரேஸிங் சிங்கிளில் (ஒற்றையர் பந்தயப் படகில்) உட்கார வைக்காதீர்கள். 8 மீட்டர் நீளம், 14 கிலோ எடை. இரண்டு துடுப்பும் தண்ணீர்மேல் படுத்திருக்கும்வரைதான் அது நிற்கும். ஒரு கைப்பிடியை விட்டுத் தொப்பியைச் சரிசெய்யப் போனால் முடிந்தது கதை. அகலமான பயிற்சிப் படகு, இல்லையென்றால் ரிக்கரில் மாட்டும் மிதவைகள். கவிழ்ந்து மீண்டும் ஏறுவதைக் கரையோரமே பழக்கிவிட்டுத்தான் நடு நீருக்கு அனுப்ப வேண்டும். கவிழ்ந்தவர் நீந்திக் கரை சேரப் பார்க்கக் கூடாது, படகைப் பற்றியே கிடக்க வேண்டும்.

மீட்புப் படகில் இப்போது ஒருவர்தான் என்றால், அவர் கில் கார்டை (ஓட்டுகிறவர் விழுந்தால் என்ஜினை அணைக்கும் கயிற்றை) காலில் மாட்டியே தீர வேண்டும். தண்ணீரில் விழுந்தவரைத் தூக்கும் நேரத்தில் சமூக இடைவெளி விதியெல்லாம் இரண்டாம் பட்சம்.

படகைச் சுமந்து வருவதில் சிக்கல் இல்லை. மூக்கில் ஒருவர், வாலில் ஒருவர் பிடித்தால் இடைவெளி தானே கிடைக்கிறது.

துறைக்காவலன்:
நன்றி. ஃபோர் படகுக்கு அனுமதி வந்தால் காக்ஸ் (படகைத் திருப்பி வழிநடத்துபவர்) எங்கே உட்காருவது?

முக்குளிப்பான்:
பின்னால் உட்காரும் காக்ஸ், எதிரே உட்கார்ந்து துடுப்புப் போடும் ஸ்ட்ரோக்கின் மூச்சை நேருக்கு நேர் வாங்குகிறார். மூக்கில் படுத்து ஓட்டும் வகை ஃபோர் இருந்தால் அதை முதலில் இறக்குங்கள். அவர் பார்ப்பது முன்பக்கம், ஓட்டுகிறவர்கள் பார்ப்பது பின்பக்கம்.

சங்கிலி எண்ணெய்:
எர்க் வந்ததும் மானிட்டரின் பேட்டரி அறையைத் திறங்கள். மாதக்கணக்கில் சும்மா நின்றதில் பேட்டரி கசிந்து தகட்டில் பச்சை படிந்திருக்கும். சங்கிலிக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை 3-இன்-1 போன்ற எண்ணெய், ஒரு டீஸ்பூன், துணியில் தோய்த்து. டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். சக்கரக் கூண்டில் வீட்டுத் தூசி பஞ்சுபோல அடைத்திருக்கும், வேக்யூம் போடுங்கள். அதே டேம்பர் (காற்று நுழைவதைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) எண்ணில் டிராக் (சக்கரத்துக்குக் காற்று தரும் தடை) குறைவதற்கு அந்தத் தூசிதான் காரணம்.

ரிக்கர் ஸ்பானர்:
அப்படியானால் வீட்டிலிருந்தபடி நடத்தும் போட்டியில் நேரங்களை எப்படி ஒப்பிடுவது?

சங்கிலி எண்ணெய்:
ஒப்பிடலாம். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று அளந்துதான் மானிட்டர் கணக்குப் போடுகிறது. தூசியால் கைக்கு உணர்வு மாறும், நேரம் கெடாது. 2021 பிப்ரவரியில் உலக உள்ளரங்கப் போட்டியே இணையம் வழியாகத்தான் நடந்தது. டிராக் 110 முதல் 130 வரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், முடிவை மானிட்டர் நினைவகத்துப் படத்தோடு வாங்குங்கள்.

தண்ணீரில் என்றால் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தாமல், ஒவ்வொருவராக ஒரு நிமிட இடைவெளியில் விடுங்கள். வேகமானவர் முன்னால் போனால் முந்துவதற்காக யாரும் நெருங்க நேராது. இரண்டு ஸ்டாப்வாட்சை ஒரே நேரத்தில் அழுத்தி, ஒன்றை முடிவுக்கோட்டுக்கு அனுப்புங்கள். நடுவில் யாரும் நிறுத்திவிடாதபடி பொத்தான்மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.