மார்க்கைத் தவிர வேற என்ன பார்க்குறாங்க?

தேவகோட்டைக்காரன்:
மகள் பிளஸ் டூ. மார்க்குக்குக் குறையில்ல. அமெரிக்கக் காலேஜுக்கு அப்ளை பண்ணியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. கன்சல்டன்ட் ஒருத்தர், "ப்ரொஃபைல் பத்தாது, சமூக சேவை சர்டிபிகேட், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்"னு ஒன்றரை லட்சம் கேக்குறார். இவ லீவு நாள்ல ஆத்தங்குடியில அவ மாமா டைல்ஸ் பட்டறையில கணக்கு எழுதுறா, அவ்வளவுதான். அதெல்லாம் ஒரு தகுதியா?

கல்லுக்கட்டி:
அண்ணே, பணத்தைக் கொடுத்துடாதீங்க. காரைக்குடியில படிச்சு அங்க போனவன் சொல்றேன். நிறைய அமெரிக்கக் காலேஜுக்கு ஒரே விண்ணப்பமா இருக்குற காமன் ஆப்ல, படிப்புக்கு வெளியே செய்யுற 10 நடவடிக்கைக்குத்தான் இடம், ஒவ்வொண்ணுக்கும் விவரம் 150 எழுத்துக்குள்ள. சம்பள வேலை, குடும்பப் பொறுப்புன்னு அதுலயே தனி வகை உண்டு. அமெரிக்காவுல இருக்குற எம்ஐடிக்குத் தனி விண்ணப்பம், அங்க நாலே நாலுதான். சர்டிபிகேட்டை எல்லாம் எங்க கொண்டுபோய் ஒட்டுறது? பட்டறையில என்னதான் எழுதுறா, அதைச் சொல்லுங்க.

தேவகோட்டைக்காரன்:
கண்ணாடி மேல அச்சை வச்சுக் கலர் ஊத்துவாங்கல்ல, ஒரே வீட்டுக்கு ரெண்டாந்தடவை ஊத்துனா சிவப்பு ஒத்து வராது. எல்லாம் கைப்பக்குவம். வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. இவ ஆர்டர் வாரியா எவ்வளவு ஆக்சைடு கலர்ப் பொடி, எவ்வளவு சிமெண்ட்னு எடை போட்டு நோட்டுல எழுதி வச்சா. இப்ப மேஸ்திரியே அந்த நோட்டைக் கேட்டு வாங்கித்தான் கலக்குறார்.

கல்லுக்கட்டி:
இதைப் போயி "அவ்வளவுதான்"னுட்டீங்களே! காமன் ஆப்ல கேக்குற 650 வார்த்தைக் கட்டுரைக்கு இதுக்கு மேல என்ன வேணும்? மேஸ்திரி மொதல்ல முறைச்சாரா, எந்தக் கலர் கடைசி வரைக்கும் படுத்துச்சு, எல்லாம் வரட்டும். அவளே எழுதட்டும். நீங்க திருத்துறேன்னு உக்காராதீங்க, பிள்ளை எழுதுனது மாதிரியே இருக்கணும்.

பள்ளத்தூர்:
எல்லாம் சரி, ஃபீஸ்? ஐஐடிக்கு ஜேஇஇ ரேங்க் வந்தா சீட்டு, யாரும் கதை கேக்கமாட்டாங்க. அமெரிக்காவுல வெளிநாட்டுப் பிள்ளை உதவித்தொகை கேட்டா பல காலேஜ் அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி மாதிரி சிலதுதான் அதைப் பார்க்காது. அங்கெல்லாம் நூறு பேர் போட்டா அஞ்சு பேருக்குக்கூட இடம் கிடைக்கிறதில்ல.

கல்லுக்கட்டி:
உண்மைதான், ஜேஇஇயையும் விடச் சொல்லாதீங்க. இன்னொண்ணு, டீச்சர் எழுதித் தர்ற சிபாரிசுக் கடிதம். நம்ம ஸ்கூல்கள்ல "ஒழுக்கமான மாணவி"ன்னு எல்லாருக்கும் ஒரே வாசகம்தான். எம்ஐடி ரெண்டு கேக்கும்: கணக்கு, அறிவியல் பக்கம் ஒண்ணு, மொழி, வரலாறு பக்கம் ஒண்ணு. கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்ட அந்த நோட்டைக் காட்டியிருக்காளா?

தேவகோட்டைக்காரன்:
இல்ல தம்பி. திங்கக்கிழமை கொண்டுபோகச் சொல்றேன். கன்சல்டன்டுக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு.