குடல் கிருமி, இரத்தப்போக்கு, புற்றுநோய்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
என் தாய்மாமாவுக்கு வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கும் வேலை. போன வருடம் சாயங்காலமானால் காய்ச்சல் வரும், காலையில் விட்டுவிடும். டைபாய்டு என்றார் ஒருவர், மலேரியா என்றார் இன்னொருவர். ஆள் பாதியாக இளைத்த பிறகு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில்தான் இதய வால்வில் கிருமி குடியேறியிருப்பது தெரிந்தது. என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க இரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காலோலிட்டிகஸ் என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் படித்த இதய மருத்துவர் சொன்ன முதல் வார்த்தை: "கொலோனோஸ்கோப்பி செய்துவிடுங்கள்." ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் அது.

அத்தைக்கு வந்ததே கோபம். "நெஞ்சுக்கு வந்தவரை எதற்குக் கீழே குடைகிறார்கள், பில்லை ஏற்றுவதற்கா?" மருத்துவர் அலுத்துக்கொள்ளாமல் விளக்கினார். முன்பு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று அழைக்கப்பட்ட கிருமி அது. வால்வைத் தாக்கும் இந்தக் கிருமியும் பெருங்குடல் புற்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை 1951லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 1977இல் வந்த ஆய்வுக்குப் பிறகு, இது இரத்தத்தில் தென்பட்டால் குடலைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பார்த்தார்கள். குடலின் இடப்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு பாலிப், அதாவது சதை வளர்ச்சி. கம்பி வளையம் போட்டு அப்போதே அறுத்தெடுத்தார்கள். புற்றாக மாறவில்லை, ஆனால் மாறக்கூடிய வகை. மாமாவுக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை என்பதுதான் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

கிருமிதான் பாலிப்பை உண்டாக்கியதா என்று கேட்டேன். குடல் சுவர் கெட்டுப்போன இடம் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் நுழைவது தெளிவு, அதுவே கட்டியையும் வளர்க்கிறதா என்பதை இன்னும் ஆராய்கிறார்கள் என்றார்.

நாகலூர் காபி:
எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நாங்கள் ஏற்காட்டில் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு மழைக்காலத்தில் சீதபேதி. ஓமத் தண்ணீர், மாதுளம்பிஞ்சு என்று கைவைத்தியத்திலேயே ஓட்டினார். பிறகு வலது அடிவயிற்றில் கை வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கட்டி. சேலத்தில் ஸ்கேன் எடுத்ததும் "புற்றாக இருக்கலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மலை ஏறும் பஸ்ஸில் யாரும் யாருடனும் பேசவில்லை. என் கணவர் மட்டும் மிளகுக் கொடியைக் குத்தகைக்கு விடுவது பற்றி யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வந்தார். பணத்துக்குத்தான்.

சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்ததில் அமீபா! நாள்பட்ட அமீபா தொற்று குடல் சுவரைத் தடிக்கச் செய்து, பார்வைக்குப் புற்றுக்கட்டி போலவே நிற்குமாம், அமீபோமா என்கிறார்கள். குடல் காசநோயும் அதே மூலையில் அதே வேஷம் போடும் என்றார் மருத்துவர். மெட்ரோனிடசோல் மாத்திரை, அது முடிந்ததும் குடலில் மிச்சமிருப்பதைக் கொல்ல இன்னொரு மாத்திரை. அடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. இப்போது ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் வீட்டில் யாரும் தொடக் கூடாது என்பது மாமியாரின் சட்டம்.

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், அஸ்தம்பட்டி:
அமீபாவும் ஒரு செல் உயிரிதான், ஆனால் செல்லுக்குள் தனி உட்கரு உண்டு; அது பாக்டீரியா அல்ல. அதை முதலில் பிரித்து வைத்துக்கொள்வோம்.

பாக்டீரியாவில் இப்போது அதிகம் பேசப்படுவது ஈ.கோலையின் ஒரு வகை. நம் எல்லோர் குடலிலும் ஈ.கோலை உண்டு, அதில் சில மட்டும் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் செய்யும். இதை 2006இல் பிரான்சில் கண்டார்கள். அந்த நஞ்சு செல்லின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. 2020இல் நெதர்லாந்தில், ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குடல் திசுவோடு இந்தக் கிருமியை ஐந்து மாதம் பழகவிட்டு, அது டி.என்.ஏ.வில் விட்டுச்செல்லும் தழும்பு எப்படி இருக்கும் என்று படித்தார்கள். தழும்பு தெரிந்துவிட்டதால் நோயாளிகளிடம் தேட முடிந்தது. 2025இல் அமெரிக்காவின் சான் டியாகோ பல்கலைக்கழகக் குழுவினர் 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளைப் பார்த்தபோது, 70 வயதைத் தாண்டிய பின் நோய் வந்தவர்களைவிட 40க்குள் நோய் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு 3.3 மடங்கு அதிகம். முதல் பத்து வயதுக்குள்ளேயே அது விழுந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் இந்த ஈ.கோலை நோயே இல்லாத பலரிடமும் இருக்கிறது. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுக் காரணிகள் பட்டியலில் ஏறிவிட்டது. பெருங்குடலில் அப்படி ஒரே குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற முடியவில்லை.

இன்னொன்று ஃபியூசோபாக்டீரியம். வாயில், ஈறில் இருப்பது; பெருங்குடல் கட்டிகளில் கூட்டமாகக் கிடக்கிறது. மனிதக் கட்டியை எலிக்குள் வளர்த்து மெட்ரோனிடசோல் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி மெதுவானது (2017). நாகலூர் அம்மா வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை இதற்காக யாரும் கேட்டு வாங்கிவிடாதீர்கள், அது எலி.

குகை வாசகி:
அப்படியானால் சிறு வயதிலேயே ஆன்டிபயாடிக் கொடுத்து அந்த ஈ.கோலையை ஒழித்துவிட முடியாதா?

ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், அஸ்தம்பட்டி:
அதை மட்டும் குறிவைக்கும் மருந்து நம் கையில் இல்லை. நல்லதும் சேர்ந்து சாகும், காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் என்ற கெட்ட கிருமி வந்து உட்கார்ந்தால் வயிற்றுப்போக்கே ஆளைச் சாய்த்துவிடும். மலத்தை அனுப்பினால் "உங்கள் நல்ல பாக்டீரியா இத்தனை சதவீதம்" என்று சொல்லும் பரிசோதனைகளுக்கும் செலவழிக்காதீர்கள். அதை வைத்துப் புற்று வருமா வராதா என்று சொல்ல முடியாது.

பொன்னம்மாப்பேட்டை தறி:
ஆராய்ச்சி இருக்கட்டும். என் தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. மலத்தில் இரத்தம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பலகை மாட்டியிருந்த ஒருவர் உள்ளே பார்க்கக்கூட இல்லை, "மூலம்" என்று சொல்லிக் களிம்பும் லேகியமும் கொடுத்தார். மாதக்கணக்கில் அதுதான். முகம் வெளுத்து, தறியில் உட்கார்ந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபினைப் பார்த்த உடனே கீழ்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மலக்குடல் புற்று. கதிர்வீச்சு, கீமோ, பிறகு அறுவை சிகிச்சை. முதலமைச்சர் காப்பீட்டில் நடந்தது. இப்போது வயிற்றின் இடப்பக்கம் மலம் சேரும் பை.

குழித்தறியில் வேலை செய்கிறவன். நெசவாளி குனியும்போது துணிச்சுருட்டும் கட்டை சரியாக அந்த இடத்தில் வந்து இடிக்கும். உட்காரும் பலகையைத் தச்சரிடம் சொல்லி உயர்த்திக்கொண்டான், பையைச் சாய்த்துக் கட்ட அம்மா பழைய வேட்டிக் கரையில் ஒரு பட்டி தைத்துக் கொடுத்தார். நெய்கிறான். பஸ் ஸ்டாண்டு பக்கம் "மூலம்" என்று சொன்னவரின் பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

நாகலூர் காபி:
தம்பி நன்றாக இருக்கட்டும். என் கணவருக்கும் இப்போது கொலோனோஸ்கோப்பி எழுதியிருக்கிறார்கள். முந்தின நாள் என்ன செய்ய வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள், சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை பற்றியும் கேளுங்கள். கீரை, கொய்யா வேண்டாம். விதையும் நாரும் குடலில் ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்கும். குடலைக் காலியாக்கும் பேதிப் பொடியை லிட்டர் கணக்கில் கரைத்துக் குடிக்க வேண்டும், உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு கண்றாவிச் சுவை. குளிரவைத்தால் கொஞ்சம் இறங்கும். அதை ஏற்காட்டில் குடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். முந்தின நாளே கீழே வந்து, கழிவறை உள்ளேயே இருக்கும் அறையாகப் பார்த்து எடுங்கள்.