ஸ்கேன் நார்மல், தலைவலி மட்டும் போகவில்லை

கொருக்குப்பேட்டை தம்பி:
என் அண்ணன் 17 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எல்லையில் இருந்தபோது வண்டிக்குப் பக்கத்திலேயே குண்டு வெடித்தது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருக்கிறது, அவ்வளவுதான். அன்று ராத்திரி தொடங்கிய தலைவலி ஊருக்கும் கூடவே வந்துவிட்டது. எங்கள் வீடு ரயில்வே கேட்டை ஒட்டி. ஹாரன் அடித்தால் இடது பொட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ராத்திரியில் அண்ணி டியூப்லைட்டை அணைத்துவிட்டு, சமையல்கட்டு வெளிச்சத்திலேயே எல்லாருக்கும் சோறு போடுவார். சிடி ஸ்கேன் எடுத்தோம், நார்மல். அதிலிருந்து தெருவில் பேச்சு மாறிவிட்டது. வேலைக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறாராம். வேறு யார் வீட்டிலாவது இப்படி உண்டா?

தண்டையார்பேட்டை பட்டாளத்தான்:
நடிப்பில்லை, தம்பி. எனக்கும் இருந்தது. 30 நிமிஷத்துக்குள் நினைவு திரும்பி, ஸ்கேனும் சரியாக இருந்தால் 'லேசான' மூளைக்காயம் என்று எழுதுவார்கள். வலிக்காத எவனோ வைத்த பெயர். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு என்றால் சிடியில் தெரியும். அதிர்ச்சியில் நரம்பு இழைகள் இழுபட்டது தெரியாது. 2020 ஜனவரியில் இராக்கின் அல் அசாத் தளத்தில் இரான் ஏவுகணைகள் விழுந்தபோது, யாருக்கும் ஒன்றுமில்லை என்றுதான் அமெரிக்கா முதலில் சொன்னது. அப்புறம் நூறு பேருக்கு மேல் மூளைக்காயம் என்று கணக்கு வந்தது. நடுவில் அவர்கள் அதிபரே, தலைவலி என்று கேள்விப்பட்டேன், பெரிய விஷயமில்லை என்றார். உங்கள் தெரு பரவாயில்லை. சரி, அண்ணன் மாசத்துக்கு எத்தனை நாள் மாத்திரை போடுகிறார்?

கொருக்குப்பேட்டை தம்பி:
எண்ணியதே இல்லை, அண்ணே. சட்டைப்பையில் எப்போதும் ஒரு அட்டை கிடக்கும்.

ராயபுரம் அக்கா:
அதை எண்ணுங்கள் முதலில். என் வீட்டுக்காரர் ராணுவம் இல்லை, குத்துச்சண்டை. தலையில் வாங்கியது ஒன்றா இரண்டா! வெளிச்சம் பட்டால் வாந்தி, சத்தம் கேட்டால் கோபம், ஒற்றைத் தலைவலி மாதிரியேதான். சாதாரண வலி மாத்திரையை மாசத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாசத்துக்கு மேல் போட்டுவந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்றார் நரம்பு டாக்டர். அவர் சொன்னபடி நிறுத்தினோம். முதல் வாரம் வீட்டில் பாத்திரம் உருட்டக்கூட பயம். அப்புறம் தலைவலி வராமல் தடுக்கும் மருந்து கொடுத்தார், தூக்கத்தையும் சரிபண்ணச் சொன்னார். வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறார்.

தண்டையார்பேட்டை பட்டாளத்தான்:
முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் இசிஹெச்எஸ், அந்தக் கார்டு அண்ணனிடம் இருக்குமே, அதை வைத்தே நரம்பியல் மருத்துவரைப் பார்க்கலாம்.

கொருக்குப்பேட்டை தம்பி:
பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அண்ணி சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துவந்தார். இன்று 24-ஆம் தேதி, 19 புள்ளி. அண்ணன் எண்ணிப் பார்த்துவிட்டுப் பையில் இருந்த அட்டையை எடுத்து அண்ணி கையில் கொடுத்தார். திங்கட்கிழமை காலண்டரை அப்படியே சுருட்டிக்கொண்டு டாக்டரிடம் போகிறோம்.