விண்டோஸ் 11க்கு மாறியபின் பழைய தமிழ்க் கோப்புகளில் பக்கங்கள் குலைந்துள்ளன. சிலவற்றில் தமிழே தெரியவில்லை

கேள்வி (கோயில் அலுவலகம்)

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலர்களையும் ஆண்டு வரவு செலவு அறிக்கைகளையும் நெடுங்காலமாக வேர்டில் தட்டச்சு செய்து சேமித்து வருகிறோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அலுவலகத்தின் இரண்டு கணினிகளையும் விண்டோஸ் 11க்கு மாற்றினோம். ஒன்றை இருந்த நிலையிலேயே மேம்படுத்தினோம்; அதில் எல்லாம் முன்போலவே இருக்கிறது. மற்றொன்றுக்குப் புதிய எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருத்தி, விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். சிக்கல் இதில்தான்.

மலரைத் திறந்தால் தமிழ் சரியாகவே தெரிகிறது. ஆனால் பத்திகள் அடுத்த பக்கத்துக்கு வழிந்து, நன்கொடையாளர் அட்டவணை நடுவில் உடைந்து, பொருளடக்கத்தில் உள்ள பக்க எண்கள் பொருந்தாமல் போய்விட்டன. இத்தனைக்கும் எழுத்துருப் பெட்டியில் 'லதா' என்றே காட்டுகிறது. இன்னும் பழைய அறிக்கைகளிலோ தமிழே இல்லை; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நிறைந்திருக்கிறது. கோப்புகள் கெட்டுவிட்டனவா? விண்டோஸ் 10க்கே திரும்பிவிடலாம் என்கிறார் எங்கள் கணக்கர். திரும்பாமல் சரிசெய்ய வழியுண்டா?

மறுமொழி 1

கோப்புகள் கெடவில்லை, விண்டோஸ் 10க்குத் திரும்பவும் தேவையில்லை. நீங்கள் ஒன்றாகச் சொல்லியிருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். இரண்டும் சரியாகும்வரை அந்தக் கணினியில் எந்தக் கோப்பையும் சேமிக்காதீர்கள், பொருளடக்கத்தையும் புதுப்பிக்காதீர்கள்.

முதலில் மலரை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 2000 முதல் தமிழுக்கான எழுத்துருவாக லதா உடன்வந்தது. விண்டோஸ் 8இல் நிர்மலா யுஐ என்ற புதிய எழுத்துரு வந்தது. விண்டோஸ் 10இலிருந்து லதாவும், விஜயா என்ற மற்றொரு தமிழ் எழுத்துருவும், வேண்டுமானால் மட்டும் நிறுவிக்கொள்ளும் விருப்பத் தொகுப்பு ஒன்றுக்குள் போய்விட்டன. ஆகவே புதிதாக நிறுவிய கணினியில், தமிழை ஒரு மொழியாகச் சேர்க்காதவரை, லதா இருக்காது. அது இல்லாதபோது வேர்டு வேறொரு தமிழ் எழுத்துருவைக் கொண்டு எழுத்துகளைக் காட்டிவிடும். பெட்டியில் மட்டும் கோப்பில் பதிவான பெயரையே தொடர்ந்து காட்டும். எழுத்துகளின் அகலமும் வரியின் உயரமும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடுவதால்தான் வரிகள் வேறிடத்தில் முறிந்து பக்கங்கள் நகர்கின்றன.

இதுதான் காரணமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று சென்று, சற்றுக் கீழே உள்ள 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' பொத்தானை அழுத்தினால், கோப்பு கேட்கிற எழுத்துருக்களில் கணினியில் இல்லாதவை எவை என்ற பட்டியல் வரும். லதா அதில் இருந்தால் ஐயமில்லை. பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குச் சென்று 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைத் தேடி நிறுவுங்கள். இணைய இணைப்பு வேண்டும், கட்டணம் இல்லை. 'லதா இலவசப் பதிவிறக்கம்' என்று வலையில் தேடி, யாரோ ஏற்றிவைத்த கோப்பை எடுக்க வேண்டாம். நிறுவியபின் வேர்டை முழுவதும் மூடித் திறந்தால் மலர் பழைய அமைப்புக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் தேர்வு செய்து நிர்மலாவுக்கு மாற்றிவிடுங்கள் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அச்சுக்குப் போன மலரின் பக்க அமைப்பு அதோடு போய்விடும்.

மறுமொழி 2

பழைய அறிக்கைகளைப் பற்றி நான் சொல்கிறேன். அரைப்புள்ளிகள் நிறைய வருகின்றன என்றால், அவை பாமினியிலோ அதே முறையில் அமைந்த வேறோர் எழுத்துருவிலோ தட்டச்சு செய்தவையாக இருக்கலாம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிதான் அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. 'அம்மா' என்று தட்டச்சு செய்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். கோப்பில் உண்மையில் பதிவாகியிருப்பவையும் இந்த ஆங்கில எழுத்துகளே. தமிழ் வடிவத்தைத் தந்தது எழுத்துரு மட்டும்தான். எனவே லதாவை நிறுவுவதால் இவை சரியாகமாட்டா.

உங்கள் நல்லகாலம், முதல் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது. அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து, வலச்சொடுக்கில் வரும் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைக் கொண்டு நிறுவுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' என்றால் அந்த ஒரு பயனர் கணக்குக்கு மட்டுமே சேரும். கணக்கர் தம் கணக்கில் நுழைந்தால் மறுபடியும் அரைப்புள்ளிகளைத்தான் பார்ப்பார்.

கேட்டவர்

மிக்க நன்றி. தொகுப்பை நிறுவியதும் மலரின் அட்டவணைகள் தம் இடத்துக்கு வந்துவிட்டன. பழைய அறிக்கைகளில் இருப்பது பாமினிதான். அவையும் இப்போது படிக்கும்படி இருக்கின்றன. அடுத்த முறை கணினி மாறும்போது இதே தொல்லை வராதிருக்க, அறிக்கைகள் அனைத்தையும் உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிடலாமா?

மறுமொழி 3

மாற்றுவதே நல்லது. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. தணிக்கைக்கோ வேறு அலுவலகத்துக்கோ அனுப்பும் கோப்புகள் அதில் இருந்தால்தான் பெறுபவர் எந்தக் கணினியிலும் படிக்கமுடியும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் மூலக் கோப்புகளைத் தனியே படியெடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மாற்றிய கோப்பில் இரண்டு இடங்களைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்று, இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்பது வெறும் உரையில் தெரியாது. வங்கியின் பெயரும் ரசீதுக் குறியீடும் பொருளற்ற தமிழாகிவிடும்.

மற்றொன்று 'ர்'. தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் துணைக்காலைப் (ா) போட்டு அதன்மேல் புள்ளி வைத்தே 'ர்' என்று அடிப்பார்கள். காகிதத்தில் வேறுபாடு தெரியாது. மாற்றி அதைக் கவனிக்காவிட்டால் யூனிகோடிலும் காலும் புள்ளியுமாகவே பதிவாகும். கண்ணுக்கு 'அவர்' என்றே தோன்றும்; தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்தினால் பெயர்கள் இடம் மாறி நிற்கும். நன்கொடையாளர் பட்டியலில் இது பெருந்தொல்லை. மாற்றி முடித்ததும், 'ர்' உள்ள ஒரு பெயரை நீங்களே தட்டச்சு செய்து கோப்பில் தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால், கோப்பில் இருக்கும் அந்தக் கால்-புள்ளி இணையை நகலெடுத்து, 'ரீப்ளேஸ்' வழியாக ஒட்டுமொத்தமாக 'ர்' என்று மாற்றிவிடலாம்.

குடமுழுக்கு மலரைப் பொறுத்தவரை, சரியாகத் தெரியும் கணினியிலிருந்து இப்போதே ஒரு பிடிஎஃப் எடுத்துவையுங்கள். வேர்டின் சேமிப்பு அமைப்புகளில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்பதையும் தேர்வு செய்து ஒரு படி வைத்துக்கொண்டால், எழுத்துருவின் உரிமம் இடம்தருகிற அளவுக்கு, அது கோப்போடு சேர்ந்தே பயணிக்கும்.